விளைச்சலின் ஹக்கு: வாலாஜாபேட்டைக் கொல்லைத் தோட்டங்களின் வரலாறு

வரலாறு எழுதுவோர் கோட்டைகளை எண்ணுவர். போர்களை ஆண்டுவாரியாக வரிசைப்படுத்துவர். அரசர்களின் பட்டப் பெயர்களை விடாது எழுதுவர். ஆனால், ஒரு குடும்பம் எந்த மாதத்தில் எதை உண்டது, அவ்வுணவு எங்கிருந்து வந்தது, அதில் அண்டை வீட்டாருக்குச் சென்ற பங்கு எவ்வளவு என்பவற்றை ஏட்டில் குறிப்பார் அரியர். ஒரு சமுதாயத்தின் ஒழுக்கமும் உடல்நலமும் செல்வமும் வறுமையும் அடுப்பங்கரையிலும் அதற்குப் பின்னால் இருக்கும் கொல்லையிலும் தெரியும் அளவுக்கு அரண்மனைகளில் தெரிவதில்லை. ஆகவே, பாலாற்றங்கரையில் உள்ள வாலாஜாபேட்டையையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சான்றாகக் கொண்டு, வீட்டுக் கொல்லையின் வரலாற்றை இங்குச் சிறிது ஆராய்வோம்.

வாலாஜாபேட்டை என்ற பெயரே ஒரு வரலாறு. ஆர்க்காட்டு நவாபு முஹம்மது அலீ அவர்கள் 1749 முதல் 1795 வரை ஆட்சி புரிந்தவர். 'வாலாஜா' என்பது அவருடைய பட்டம். அப்பட்டத்தைத் தாங்கிய பேட்டை, வணிகர்களும் நெசவாளர்களும் குடியேறிய சந்தை ஊராக வளர்ந்தது. தென்னகத்தின் முதல் இருப்புப் பாதை 1856ஆம் ஆண்டு சென்னை இராயபுரத்திலிருந்து இவ்வூரின் பெயர் தாங்கிய வாலாஜா ரோடு வரையிலேதான் போடப்பட்டது. 1866இல் இவ்வூர் நகராட்சியாயிற்று. வட ஆர்க்காடு மாவட்டத்திலும், பின்னர் வேலூர் மாவட்டத்திலும் இருந்த இவ்வூர், 2019 நவம்பரில் உருவான இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்ததாக இன்று விளங்குகிறது. இவையெல்லாம் ஏட்டில் உள்ளவை. நாம் தேடுவது ஏட்டில் ஏறாத பகுதியை.

நவாபின் தோட்டமும் குடும்பத்தின் கொல்லையும்

ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் பாலாற்றங்கரை தோட்டங்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. வாலாஜாபேட்டைக்கு அண்மையில், இராணிப்பேட்டையை ஒட்டி, 'நவ்லாக்' என்றோர் ஊர் உண்டு. 'நௌ லாக்' என்றால் ஒன்பது இலட்சம் என்று பொருள். ஒன்பது இலட்சம் மரங்கள் நின்ற 'நௌலாக் பாக்' என்னும் தோட்டத்தின் பெயரே ஊர்ப் பெயராயிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. மரங்களை எவரும் ஒன்றொன்றாக எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயினும், கோடையில் அனல் பறக்கும் இந்நிலத்தில் மாவும் தென்னையும் அடர்ந்த பெருந்தோப்பு ஒன்று நின்றது என்பதை அப்பெயர் நமக்கு அறிவிக்கிறது. பிற்காலத்தில் அரசின் தென்னைப் பண்ணை அதே நவ்லாக்கில் அமைந்ததும் அம்மண்ணின் தகுதிக்கு ஒரு சான்று.

அரசர்கள் தோட்டம் அமைத்தது நிழலுக்காகவும் அழகுக்காகவும். குடிமக்கள் கொல்லை வைத்தது வயிற்றுக்காக. நவாபின் தோட்டத்துக்குத் தோட்டக்காரர்கள் பலர் இருந்தனர். வீட்டுக் கொல்லைக்கு அவ்வீட்டுப் பெண்மணிகளே தோட்டக்காரர்கள். நவாபின் பெயரை ஊர் சுமக்கிறது. சாம்பலில் புரட்டிய அவரை விதையைத் துணியில் முடிந்து வைத்து, முற்றிய சுரைக்குடுக்கையை அடுப்புக்கு மேலே புகை படத் தொங்கவிட்டு, அடுத்த ஆண்டு விதைப்புக்குக் காத்த பாட்டிமாரின் பெயரைச் சுமக்கும் தெரு ஒன்றும் இல்லை. இருந்தபோதிலும், நௌலாக் தோப்பு அழிந்த பின்னும் பல தலைமுறைகள் நிலைத்து நின்றது பாட்டிமாரின் கொல்லையே.

அக்கொல்லையின் அமைப்பை அறிந்து கொள்வது நன்று. நீண்ட வீட்டின் பின்கட்டைத் தாண்டினால் கிணறு. கிணற்றையொட்டித் துவைக்கும் கல். அந்நீர் ஓடும் வாய்க்காலின் ஓரத்தில் வாழை, வாழையடியில் புதினா. அடுப்படிக்கு எட்டும் தொலைவில் கறிவேப்பிலை. வேலியோரத்தில் மருதாணி. மூலையில் ஒரு முருங்கை. இடம் இருந்தால் ஒரு மா, ஒரு மாதுளை, ஓர் எலுமிச்சை. கூரைமேல் படர்ந்த சுரை, பந்தலில் அவரை, தரையில் பூசணி. பாத்திரம் கழுவிய நீரும் முகம் கழுவிய நீரும் ஒளூச் செய்த நீரும் வீணாகாமல் ஏதேனும் ஒரு வேரைச் சென்று சேர்ந்தன. இத்தனைக்கும் அடிப்படை கிணறு. கிணற்றுக்கு அடிப்படை பாலாறு.

பாலாறு விந்தையான ஆறு. கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றி வரும் இவ்வாறு, ஆண்டின் பெரும்பகுதி மேலே மணலாகவே கிடக்கும். ஆனால் மணலின் கீழே நீர் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஊற்று நீரைக் கால்வாய் வெட்டி வயலுக்குக் கொணர்ந்தனர் நம் முன்னோர். வாலாஜாபேட்டைக்கு அருகே கட்டப்பட்ட பாலாற்று அணைக்கட்டு, வெள்ளக் காலத்து நீரைக் காவேரிப்பாக்கம் போன்ற பெரிய ஏரிகளுக்குத் திருப்பியது. ஏரி நிரம்பினால் ஊர்க் கிணறுகளில் நீர் ஏறும். கிணற்றில் நீர் ஏறினால் கொல்லை தழைக்கும். ஒன்றையொன்று தாங்கி நின்ற ஏற்பாடு அது.

கொல்லையின் ஓராண்டு

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது ஊரறிந்த பழமொழி. கொல்லையின் ஆண்டுப் பிறப்பு ஆடியில்தான். அவரை, சுரை, பீர்க்கு, புடலை, பாகல், பூசணி ஆகியவற்றின் விதைகள் அப்போது மண்ணுள் போகும். கத்தரி நாற்று விடப்படும். ஆவணியில் முளைக்கீரையும் அரைக்கீரையும் பறிக்கத் தொடங்கலாம். வெண்டையும் கொத்தவரையும் முந்திக்கொள்ளும். புரட்டாசியில் பீர்க்கும் புடலையும் பாகலும் தொங்கும். சீத்தாப்பழம் கண் திறக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கீரை அழுகும். ஆனால் சுரை பருக்கும்.

மார்கழிப் பனியில் அவரைப் பந்தல் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். தையில் பூசணி முற்றும். முற்றிய பூசணி வீட்டின் மூலையில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். அதுவே ஏழை வீட்டின் சேமிப்பு. இலந்தையும் நெல்லியும் பிள்ளைகளின் மடியை நிரப்பும். மாசி, பங்குனியில் முருங்கை காய்த்துத் தள்ளும், புளி உலுக்கப்படும், மாவடு ஜாடிக்குள் போகும். சித்திரையும் வைகாசியும் மாம்பழத்தின் காலம். பச்சைக் காய் அருகிவிடும் அக்கோடை நாளில் வெயிலே ஒரு கருவியாகும். கத்தரி வற்றல், கொத்தவரை வற்றல், மாங்காய் வற்றல் எல்லாம் மொட்டை மாடியில் காயும். ஆனியில் நாவற்பழம் உதிரத் தொடங்கும்போது, வானத்தைப் பார்த்து அடுத்த விதைப்புக்குக் கொல்லை ஆயத்தமாகும்.

இவ்வட்டத்துள் சமையலும் சுழன்றது. ஆட்டுக்கறி ஒன்றுதான்; ஆனால் அதனுடன் சேரும் காய் பருவத்துக்குப் பருவம் மாறும். மழைக்காலத்தில் சுரைக்காய், பனிக்காலத்தில் அவரைக்காய், கோடையில் முருங்கைக்காயும் மாங்காயும். தாளிச்சாவில் இன்ன காய்தான் போடவேண்டும் என்ற கட்டளை எந்த ஏட்டிலும் இல்லை. கொல்லையில் எது உண்டோ அதுவே தாளிச்சா. பிரியாணிக்குப் பக்கத்தில் கத்தரிக்காய்த் தொடுகறி வைப்பது இவ்வட்டாரத்து வழக்கம். இதற்கும் காரணம் உண்டு. முள் நிறைந்த காம்புடைய கத்தரி வேலூர் மண்ணின் தனிச்சொத்து. அம்முள் கத்தரிக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. விருந்துப் பந்தியில் பக்கத்து உணவாக இருந்த காய், இன்று நாட்டின் பதிவேட்டில் இடம் பெற்றிருக்கிறது.

பருவ உணவைப் பற்றிப் பேசும்போது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உணவுமுறை நம் நினைவுக்கு வருவது இயல்பே. தையற்காரர் ஒருவர் பெருமானாரை விருந்துக்கு அழைத்தார் என்றும், சுரைக்காயும் உலர்ந்த இறைச்சியும் சேர்ந்த குழம்பு அவ்விருந்தில் வைக்கப்பட்டது என்றும், நபியவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி உண்டதைக் கண்ட நாள் முதல் தமக்கும் சுரைக்காய் விருப்பமாயிற்று என்றும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சியை உப்புக்கண்டமாக உலர்த்தி, பிறகு சுரைக்காயுடன் சேர்த்துச் சமைக்கும் வீடுகள் நம்மிடையே உள்ளன. மதீனத்துத் தையற்காரரின் அடுப்புக்கும் பாலாற்றங்கரை அடுப்புக்கும் உள்ள இவ்வொற்றுமை மகிழ்வூட்டுவதாகும்.

இரண்டு காலக்கணக்குகள்

நம் வீடுகளில் எப்போதும் இரண்டு நாட்காட்டிகள் நடைமுறையில் இருந்து வந்துள்ளன. ஒன்று பிறைக்கணக்கு, மற்றொன்று ஆடி, ஆவணி என்னும் சூரியக் கணக்கு. நோன்பும் ஹஜ்ஜும் ரொக்கத்துக்கான ஜகாத்தும் பிறையைப் பின்பற்றுகின்றன. விதைப்பும் அறுப்பும் சூரியனைப் பின்பற்றுகின்றன. பிறையாண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆகவே ரமலான் மாதம் பருவங்களுக்குள் பின்னோக்கி நகர்ந்துகொண்டே சென்று, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் முழுச் சுற்று வந்து விடுகிறது. 1983இல் ஜூன் மாதத்தில் தொடங்கிய ரமலான், 2016இல் மீண்டும் ஜூனில் தொடங்கியது. இடையில் 1999இல் அது டிசம்பர்ப் பனியில் வந்தது.

இதன் பொருள் யாது? ஒருவர் 33 ஆண்டுகள் நோன்பு நோற்றால், கொல்லையின் எல்லாப் பருவங்களிலும் நோன்பு திறந்தவராகிறார். மாம்பழக் காலத்து இப்தார், சீத்தாப்பழக் காலத்து இப்தார், இலந்தைக் காலத்து இப்தார் என்று ஒவ்வொன்றும் அவருக்கு வாய்க்கிறது. ஸஹர் உணவில் ஒரு காலத்தில் முருங்கைக்கீரையும், ஒரு காலத்தில் அவரையும், ஒரு காலத்தில் வற்றலும் இடம்பெறும். பருவத்துக்கு ஒரே உணவு, ஆண்டுக்கு ஒரே பண்டிகை என்று நின்றுவிடாமல், எல்லாப் பருவத்தின் அருட்கொடையையும் எல்லா வணக்கத்தோடும் பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு இது. ஆண்டு முழுவதும் ஒரே காய்கறி கடையில் கிடைக்கும் இக்காலத்தில் இவ்வேறுபாடு மறைந்து வருவதைக் கவனிக்க வேண்டும்.

இரு கணக்குகளையும் சேர்த்துப் பேணுவது நம் நாட்டு முஸ்லிம்கள் புதிதாகக் கண்ட வழியன்று. அரபு மக்கள் விண்மீன்களின் உதயத்தையும் மறைவையும் கொண்டு மழையையும் பருவத்தையும் கணித்தனர். அக்கலைக்கு 'அன்வா' என்று பெயர். இப்னு குதைபா (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அதைப் பற்றித் தனிநூலே இயற்றினார்கள். ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் 961ஆம் ஆண்டையொட்டி உருவான நாட்காட்டி ஒன்று, சூரிய மாதங்களின்படி பயிர்த்தொழிற் குறிப்புகளைத் தொகுத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இஷ்பீலியாவைச் சேர்ந்த இப்னுல் அவ்வாம், வேளாண்மை பற்றிப் பெருநூல் எழுதினார். யமன் நாட்டு ரஸூலி வமிசத்தைச் சேர்ந்த அல்மலிகுல் அஷ்ரஃப் உமர் 1271ஐ ஒட்டிப் பயிர்ப் பஞ்சாங்கம் ஒன்றை வகுத்தார். பிறைக்கணக்கில் வணங்கியவர்கள் சூரியக் கணக்கில் விதைத்தார்கள் என்பதற்கு இவை சான்றுகள். நம் பாட்டிமார் அந்நூல்களைப் படித்ததில்லை. ஆனால் அதே அறிவு அவர்களின் விரல் நுனியில் இருந்தது.

திருமறையின் ஆறாம் அத்தியாயமான அல்அன்ஆமின் 141ஆம் வசனம் இவ்விடத்தில் மிகவும் சிந்திக்கத்தக்கது. பந்தலில் படர்வனவும் படராதனவும், பேரீச்சை, பயிர்வகைகள், ஒலிவம், மாதுளை ஆகியவற்றை இறைவன் அங்கு நினைவூட்டுகிறான். தொடர்ந்து மூன்று கட்டளைகள் வருகின்றன. அவை காய்க்கும்போது அவற்றின் பலனை உண்பது முதற் கட்டளை. அறுவடை நாளில் அதன் ஹக்கை, அதாவது உரியவர்க்குச் சேரவேண்டிய உரிமையைக் கொடுப்பது இரண்டாவது. வீண்விரயம் கூடாது என்பது மூன்றாவது. பருவத்தில் உண், பங்கிட்டு உண், வீணாக்காமல் உண் என்னும் இம்மூன்றும் கொல்லைத் தோட்டத்தின் முழு இலக்கணமாகும். ரொக்கத்தின் ஜகாத்துக்குப் பிறையாண்டு நிறைவு கெடுவாக இருக்க, விளைச்சலின் ஹக்குக்கு அறுவடை நாளே கெடுவாக இருப்பதையும் காண்க.

கொல்லையும் சட்டமும்

விளைச்சலின் பத்திலொரு பங்கான 'உஷ்ர்' பற்றி இமாம்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். சேமித்து வைக்கத்தக்க பிரதான உணவுத் தானியங்களுக்கும் பேரீச்சை, திராட்சை ஆகியவற்றுக்குமே அது கடமை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் கருத்து. கீரை, காய்கறி உட்பட நிலத்தில் பயிரிடப்படுவனவற்றுக்கு, அளவு குறைந்தாலும் மிகுந்தாலும், கடமை உண்டு என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள். அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூஸுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும், கெடாமல் நிற்கும் பொருளாகவும் ஐந்து வஸக் அளவாகவும் இருக்கவேண்டும் என்றனர். ஆயினும், வீட்டு முற்றத்தில் நிற்கும் பழமரத்துக்கு உஷ்ர் இல்லை என்பது ஹனஃபீ நூல்களில் காணப்படும் தீர்ப்பு. அதாவது, வீட்டுக் கொல்லையின் முருங்கைக்கும் மாவுக்கும் சட்டம் வரி கேட்கவில்லை.

சட்டம் கேட்காததைப் பண்பாடு கேட்டது. இவ்வட்டார வீடுகளில் முதற் காய் விற்பனைக்குப் போனதில்லை. முருங்கை உலுக்கிய நாளில் நாலு வீட்டுக்குக் கட்டுக் கட்டாகப் போகும். பூசணி வெட்டினால் கீற்றுக் கீற்றாகத் தெருவே பங்கிடும். முஸ்லிம் வீட்டு மாங்காய் இந்து வீட்டு ஊறுகாய் ஜாடியிலும், இந்து வீட்டு அவரைக்காய் முஸ்லிம் வீட்டுக் குழம்பிலும் சேரும். மதில் சுவருக்கு மேலே கைமாறிய அந்தக் காய்களுக்குக் கணக்கேடு கிடையாது. குழம்பு காய்ச்சினால் நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் அறிவுறுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. பருவத்தின் முதற்கனியை மக்கள் கொணர்ந்தால், மதீனாவின் கனிகளுக்கும் அளவைகளுக்கும் பரக்கத் வேண்டித் துஆச் செய்துவிட்டு, அங்குள்ள சிறு குழந்தையை அழைத்து அக்கனியைக் கொடுப்பது நபியவர்களின் வழக்கம் என்பதும் அந்நூலிலேயே உள்ளது. முதற் கனியைப் பெரியவர் உண்ணாமல் சிறுவர் கையில் கொடுக்கும் வீட்டில், பருவத்தின் வருகையைப் பிள்ளைகள் எழுத்தறியும் முன்பே கற்றுக்கொள்கிறார்கள்.

கிணற்றில் விழுந்த உப்பு

இனிச் சொல்லப்போவது கசப்பான செய்தி. ஆயினும் வரலாறு என்றால் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாலாஜாபேட்டை தன்னளவில் நெசவும் வணிகமும் செய்த ஊர். ஆனால் அதைச் சூழ்ந்த இராணிப்பேட்டை, மேல்விஷாரம், மேற்கே பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் தோல் பதனிடும் ஊர்கள். இத்தொழிலில் நம் சமுதாயத்தின் பங்கு பெரிது. தொடக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் கொண்டே தோல் பதனிடப்பட்டது. அத்தோல் 'ஈ.ஐ. தோல்' என்ற பெயரில் இலண்டன் சந்தை வரை சென்றது. அவ்வருவாயில் அறங்கள் பல நிகழ்ந்தன. வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. மேல்விஷாரத்துத் தோல் வணிகரும் கொடைவள்ளலுமான நவாபு சி. அப்துல் ஹக்கீம் சாகிப் (1863-1938) அவர்களின் பெயரால் 1965இல் அவ்வூரில் ஒரு கல்லூரி உருவாயிற்று. மதரஸாக்களும் பள்ளிவாசல்களும் விடுதிகளும் இத்தொழிலின் கொடையால் வளர்ந்தன. இந்த நன்றியை மறப்பது நியாயமன்று.

1970களில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. அரைப் பதத் தோலாக ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முற்றும் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஏற்றுமதி செய்யவேண்டும் என்று மத்திய அரசு கொள்கை வகுத்தது. குரோமியம் கொண்டு விரைவாகப் பதனிடும் முறை பெருகியது. ஆலைகளும் பெருகின. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், ஏறத்தாழ 170 வகை இரசாயனங்கள் இத்தொழிலில் பயன்படுகின்றன என்றும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் குறிக்கப்பட்டுள்ளது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க இடப்படும் உப்பு முழுவதும் கழுவு நீரில் வெளியேறும். சுத்திகரிக்கப்படாத அந்நீர் ஓடைக்கும் ஏரிக்கும் ஆற்று மணலுக்கும் சென்றது. மணலின் கீழே ஓடிய ஊற்று நீர்தான் கிணறுகளுக்குத் தாய் என்பதை முன்பே கண்டோம். தாயின் பால் கெட்டது.

உப்பு நீரின் வேலை மெதுவானது. மண்ணில் உப்பு ஏறினால், ஈரம் இருந்தும் வேர் நீரை உறிஞ்ச இயலாது. இலை ஓரம் தீய்ந்து கருகும். கீரையும் அவரையும் முதலில் மடியும். எலுமிச்சையும் மாவும் பூத்தும் பிஞ்சு நில்லாமல் உதிர்க்கும். தென்னை சற்றுத் தாங்கும். பிறகு அதுவும் குரும்பையை உதிர்க்கும். அடுப்பில் பருப்பு வேகாது, வெந்தாலும் குழையாது. பெண்கள் இதை அறிவியல் கூடங்களுக்கு முன்பே அறிந்துகொண்டனர். ஒவ்வொரு கொல்லையாக வெறிச்சோடியது. கொல்லை இருந்த இடத்தில் சிமெண்டுத் தளம் வந்தது. காய்கறி கடைக்காரரின் வண்டியில் வந்தது. குடிநீர் லாரியில் வந்தது.

வேலூரைச் சேர்ந்த குடிமக்கள் நல அமைப்பு ஒன்று 1991இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் ஓரளவோ முழுவதுமோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு அதில் எடுத்துக்காட்டப்பட்டது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்னும் கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியென அத்தீர்ப்பு நிலைநாட்டியது. ஐந்து மாவட்டங்களின் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இழப்பை மதிப்பிடத் தனி ஆணையம் அமைந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. இராணிப்பேட்டையில் குரோமேட் உப்பு உற்பத்தி செய்த ஒரு தொழிற்சாலை 1995இல் மூடப்பட்டது; அது விட்டுச்சென்ற கழிவு மட்டும் இலட்சம் டன்னுக்கு மேல். 2006ஆம் ஆண்டு உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களுள் ஒன்றாக அமெரிக்க நிறுவனம் ஒன்று இராணிப்பேட்டையைப் பட்டியலிட்டது. நவ்லாக் தோப்பு நின்ற ஊரின் பக்கத்து ஊருக்கு இத்தகைய புகழ்! 2025 ஜனவரி 30ஆம் நாள் பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கவும், அத்தொகையை மாசு செய்தவரிடமிருந்து திரும்பப் பெறவும் ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ 28 ஆண்டுகள்! விதை முளைத்து மரமாகிக் காய்த்துக் கிழடாகும் காலம் அது.

பாலாறு வறண்டதற்குத் தோல் மட்டும் காரணம் அன்று என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மேற்பகுதியில் நீர் தேக்கப்பட்டது, மணல் அளவின்றி அள்ளப்பட்டது, ஏரிகள் தூர்ந்தன. இத்தொழிலை நம்பிப் பல்லாயிரம் எளிய குடும்பங்கள் வாழ்வதும் உண்மை. தோல் ஊறும் தொட்டியில் இறங்கி உழைப்பவரும் அக்குடும்பங்களே. ஆனால், பிறர் செய்த பிழையைக் காட்டி நம் பங்கைக் கழித்துக்கொள்ள முடியாது.

நம் நூல்களே சொன்ன தீர்ப்பு

மாசு செய்தவர் செலவை ஏற்கவேண்டும் என்பது மேலை நாட்டார் கண்ட புதுக்கருத்து என்று நம்மவரில் சிலர் எண்ணுவதுண்டு. ஃபிக்ஹு பயின்றவருக்கு இது பழைய பாடம். தீங்கிழைத்தலும் கூடாது, தீங்குக்குத் தீங்காகத் தீங்கிழைத்தலும் கூடாது என்னும் நபிமொழியின் கருத்து, ஃபிக்ஹின் பெருவிதிகளுள் ஒன்று. ஆதாயத்தை அடைபவரே அதன் சுமையையும் தாங்கவேண்டும் என்பது மற்றொரு விதி. உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை ஹனஃபீ சட்டங்களைத் தொகுத்து உருவாக்கிய 'மஜல்லா' என்னும் சட்ட நூலின் 1212ஆம் பிரிவை நம் தோல் வணிகர்களும் மஹல்லா நிர்வாகிகளும் அறிந்துகொள்வது நலம். பிறருடைய கிணற்றுக்கு அருகே ஒருவர் கழிவுக்குழி அமைத்து, அதனால் கிணற்று நீர் கெட்டால், அத்தீங்கு நீக்கப்படவேண்டும். நீக்க இயலாதென்றால் கழிவுக்குழியே மூடப்படவேண்டும் என்பது அப்பிரிவின் கருத்து. வேலூர்க் கிணறுகளுக்காகவே எழுதியது போல் இது அமைந்துள்ளதன்றோ! நீதிமன்றப் படியேறு முன்னரே நம் மதரஸா அலமாரியில் தீர்ப்பு இருந்தது. நாம் தூசி தட்டிப் பார்க்கவில்லை.

கல்லூரிக்குக் கொடுத்த பணம் நன்கொடை. கெட்டுப்போன கிணற்றுக்குக் கொடுக்கவேண்டியது கடன். நன்கொடையால் கடன் தீராது என்பது சிறு பிள்ளையும் அறிந்த கணக்கு. அறுவடை நாளில் விளைச்சலின் ஹக்கைக் கொடு என்ற கட்டளை, ஆலையின் விளைச்சலுக்கு மட்டும் பொருந்தாதா? நீரை எடுத்தவர் நீரின் ஹக்கைக் கொடுக்கவேண்டாமா? பெருமானார் ஒரு 'முத்து' அளவு நீரில் ஒளூச் செய்தார்கள் என்பது நாம் மிம்பரில் சொல்லும் செய்தி. அது ஒரு லிட்டரை ஒட்டிய அளவே. அந்நபியின் உம்மத்தினர் ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டரைச் செலவிட்டு, அதைக் கெடுத்தும் அனுப்பினோம் என்றால், அது பற்றிய கேள்வி மறுமையில் எழாதிருக்குமா?

செய்யத்தக்கவை

புலம்பி ஓய்வதற்காக இதை எழுதவில்லை. தமிழகத்தில் 2003 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்து பலர் கண்குளிரக் கண்டனர். மழை இன்னும் நம்மைக் கைவிடவில்லை. மாடியில் விழும் மழையைக் கிணற்றுக்குத் திருப்பிய வீடுகளில் நீரின் உப்பு ஆண்டுக்காண்டு குறையக்கூடும். பள்ளிவாசல்களில் நாள்தோறும் ஐந்து வேளை ஓடும் ஒளூ நீர், சாக்கடைக்குப் போகாமல் வளாகத்து மரங்களுக்குப் போகட்டும். பயன்படுத்திய அந்நீரால் மீண்டும் ஒளூச் செய்ய இயலாதே தவிர, செடிக்கு ஊற்றத் தடையேதும் இல்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை: ஆலைகளுக்கு அண்மையில் உள்ளோர் கிணற்று நீரையும் மண்ணையும் முதலில் சோதனைக்கு அனுப்பிய பின்னரே உண்பதற்குப் பயிரிடவேண்டும். ஐயமான மண்ணாயின், வேறிடத்து நல்ல மண்ணைத் தொட்டிகளில் நிரப்பி மழைநீர் கொண்டு வளர்க்கலாம். இடமில்லாதவர்க்கு மாடி உண்டு. மாடி இல்லாதவர்க்கு மஹல்லாவின் வெற்றிடம் உண்டு. மதரஸா மாணவர் ஒவ்வொருவரும் உஷ்ருப் பாடத்தைப் படிக்கும் ஆண்டில் ஒரு பந்தல் அவரையையாவது ஆடியில் விதைத்துத் தையில் பறித்து, பங்கிட்டுக் கொடுக்கட்டும். அப்பாடம் அவர் நெஞ்சை விட்டு அகலாது. வீட்டிலுள்ள முதியவர்களிடம், எந்த மாதத்தில் எந்தக் காய் என்று கேட்டு எழுதி வைப்பதும் அவசரமான பணி. அந்நினைவு அவர்களோடு மறைந்தால் மீட்க வழியில்லை.

தோல் தொழிலில் உள்ள நம் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுத்திகரிப்பு நிலையத்தின் செலவை அபராதமாக எண்ணாதீர்கள். அதைக் கிணற்றின் ஹக்காக எண்ணுங்கள். இழப்பீடு கேட்டு நிற்கும் உழவரை எதிரியாகக் காணாதீர்கள். அவர் உங்கள் அண்டை வீட்டார். நீங்கள் கட்டிய கல்லூரியில் படித்த பிள்ளைகளே இன்று நீரைச் சோதித்து நமக்குக் கணக்குக் காட்டும் அளவுக்கு உயர்ந்துள்ளனர். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ எது உண்டாலும் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழியின் கருத்து. மரம் நட்டால் நன்மை தொடர்கிறதென்றால், மரம் பட்டுப்போகச் செய்த நீருக்குரிய கணக்கும் தொடரும் என்பதே அதன் மறுபுறம். வல்ல அல்லாஹ் பாலாற்றின் ஊற்றுகளில் மீண்டும் பரக்கத் செய்வானாக! நம் பிள்ளைகள் பருவத்தின் முதற் கனியைத் தம் வீட்டுக் கொல்லையிலேயே பறித்துண்ணவும், அதன் ஹக்கை அண்டை வீட்டாருக்கு அளிக்கவும் அருள் புரிவானாக! ஆமீன்.